‘லுக்’ தெரியும், ‘லுக் ஆஃப்டர்’ தெரியுமா?



ஆங்கிலம் படிக்காத பிள்ளை நம் இல்லங்களில் இன்று அரிது. மழலையர் வகுப்பில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் படிக்கிறார்கள். நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆயினும், உம்மாவை வெளிமாநில மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் செல்லும் அதே பிள்ளை, தமிழறியாத செவிலியர் கேட்கும் சின்னஞ்சிறு கேள்வியின் முன் திகைத்து நிற்கிறான்.

“டிட் ஷி த்ரோ அப்?” என்று கேட்கிறார் செவிலியர். ‘த்ரோ’ என்றால் எறிதல் என்று பிள்ளைக்குத் தெரியும். ‘அப்’ என்றால் மேலே என்பதும் தெரியும். ஆனால் உம்மா எதை மேலே எறிந்தார்? செவிலியர் கேட்டது, “வாந்தி எடுத்தாரா?” என்பதைத்தான். ‘வாமிட்’ என்னும் சொல்லைச் சொல்லியிருந்தால் பிள்ளை உடனே விடை கூறியிருப்பான். இரண்டு எளிய சொற்கள் சேர்ந்தபோது, தெரிந்த மொழியே தெரியாத மொழியாகிவிட்டது.

இன்னொன்றைப் பாருங்கள். கல்லூரிப் படிப்பை முடித்தவரை ‘பாஸ் அவுட்’ ஆனவர் என்று நம் நாட்டில் கூறுகிறோம். பிற நாடுகளின் ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மயங்கி விழுவதைக் குறிக்கும். ‘பாஸ் அவே’ என்றாலோ இறந்துபோதல். வளைகுடா நாடொன்றிலிருந்து, உடன் வேலை செய்யும் வேற்று நாட்டுக்காரர் தொலைபேசியில் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முகத்தில் தண்ணீர் தெளித்துத் தேற்ற வேண்டிய செய்தி. மற்றொன்று, ‘இன்னா லில்லாஹி’ சொல்ல வேண்டிய செய்தி. இரண்டிற்கும் இடையே இருப்பது ஒரு சிறு சொல்தான்!

கூட்டுவினை என்பது என்ன?

வினைச்சொல் ஒன்றுடன் அப், ஆஃப், ஆன், அவுட், ஆஃப்டர், இன்டு போன்ற சிறு சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தார் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்பர். நாம் அதனைக் கூட்டுவினை என்றும், ஒட்டுகின்ற சிறு சொல்லை ஒட்டுச்சொல் என்றும் அழைத்துக்கொள்வோம்.

‘லுக்’ என்றால் பார். ‘லுக் அட்’ என்றால் ஒன்றை நோக்கிப் பார். ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரி. ‘லுக் இன்டு’ என்றால் ஆராய்ந்து பார். வினை ஒன்றே; ஒட்டுச்சொல் மாற மாறப் பொருள் மாறுகிறது. ‘லுக்’ என்பதற்கு மட்டும் அகராதியில் பொருள் பார்த்துவிட்டு, ‘ஹூ வில் லுக் ஆஃப்டர் தி சைல்ட்?’ என்னும் கேள்விக்குப் பொருள் கொள்ள முயன்றால், ‘பின்னால் யார் பார்ப்பார்கள்?’ என்று தடுமாற நேரும். ‘பிள்ளையை யார் கவனித்துக்கொள்வார்கள்?’ என்பதல்லவா அதன் பொருள்!

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. 1755-இல் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இவ்வழக்கு அயல்மொழியாருக்குப் பெருந்தொல்லை தருவது என்பதை அதன் முன்னுரையிலேயே எடுத்துக்காட்டினார்.

பள்ளியில் ஏன் இது கைவரவில்லை?

இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அறிஞர்களின் ஏட்டில் இலத்தீன் இருந்தது. உழவரும் இல்லத்தரசியரும் தம் பழைய ஆங்கிலத்தையே பேசினர். நாளடைவில் இவை யாவும் ஒரே மொழியில் கலந்தன. அதனால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏட்டுச்சொல் ஒன்றும் வீட்டுச்சொல் ஒன்றுமாகப் பல இணைகளைக் காணலாம்.

ஒத்திவைத்தலுக்கு ஏட்டுச்சொல் ‘போஸ்ட்போன்’. வீட்டுச்சொல் ‘புட் ஆஃப்’. சகித்தலுக்கு ஏட்டில் ‘டாலரேட்’. வீட்டில் ‘புட் அப் வித்’. தீயை அணைத்தலுக்கு ஏட்டில் ‘எக்ஸ்டிங்குவிஷ்’. வீட்டில் ‘புட் அவுட்’. விசாரித்தலுக்கு ஏட்டில் ‘இன்வெஸ்டிகேட்’. வீட்டில் ‘லுக் இன்டு’.

நம் பிள்ளைகள் பாடநூலில் பெரிதும் கற்பது ஏட்டுச்சொற்களை. செவிலியரும், கடைக்காரரும், விமான நிலையச் சிப்பந்தியும் பேசுவது வீட்டுச்சொற்களை. கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நாடகம் படித்த பட்டதாரி, ‘கேன் யூ கம் பேக் டுமாரோ? தி டாக்டர் ஹாஸ் புட் இட் ஆஃப்’ என்பதைக் கேட்டு விழிப்பதன் காரணம் இதுவே. ஏட்டுச்சொல் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் அதுவே பொருத்தம். காதில் விழும் ஆங்கிலத்திற்கு வீட்டுச்சொல்லும் வேண்டும் என்பதே கருத்து.

நம்மிடம் இல்லாததா இது?

கூட்டுவினை என்றதும் அஞ்ச வேண்டியதில்லை, வாசகர்களே! நாம் பேசும் தமிழே கூட்டுவினைகளின் களஞ்சியம்.

‘கண்டுபிடி’ என்கிறோம். கண்ணால் கண்டு கையால் பிடிப்பதா அது? ‘கைவிடு’ என்கிறோம், கையை விடுவதோடு முடிகிறதா? ‘விட்டுக்கொடு’, ‘தள்ளிப்போடு’, ‘பொறுத்துக்கொள்’, ‘பார்த்துக்கொள்’ ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்கள் கூடி மூன்றாவது பொருளைப் பெற்றெடுக்கின்றன. அவற்றை ஆங்கிலத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். ‘தள்ளிப்போடு’ என்பது ‘புட் ஆஃப்’. ‘பார்த்துக்கொள்’ என்பது ‘லுக் ஆஃப்டர்’. ‘கைவிடு’ என்பது ‘கிவ் அப்’. ‘விட்டுக்கொடு’ என்பது ‘கிவ் இன்’. ‘பொறுத்துக்கொள்’ என்பது ‘புட் அப் வித்’.

மதரஸாவில் அரபு பயிற்றுவிப்பவன் என்ற முறையில் இன்னொரு வாசலையும் திறந்து காட்ட விழைகிறேன். ‘ரகிப’ என்னும் அரபு வினையுடன் ‘ஃபீ’ சேர்ந்தால் விரும்பினான் என்று பொருள். ‘அன்’ சேர்ந்தால் புறக்கணித்தான் என்று பொருள். நேர் எதிர்! நம் ஊர்களில் நிக்காஹ் குத்பாவின்போது, நபிகளார் (ஸல்) அவர்களின் வழிமுறையைப் புறக்கணிப்பது பற்றிய எச்சரிக்கையில் இந்த ‘ரகிப அன்’ என்னும் தொடரை எத்தனையோ முறை செவியுற்றிருக்கிறோம். ‘அன்’ என்னும் சிறு சொல்லைக் கவனியாதவர் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

அவ்வாறே, ‘தஆ’ என்னும் வினையுடன் ‘லஹு’ சேர்ந்தால் அவருக்காக இறைஞ்சுதல். ‘அலைஹி’ சேர்ந்தால் அவருக்கு எதிராக இறைஞ்சுதல், அதாவது சபித்தல். ‘நளர இலா’ என்றால் ஒன்றை நோக்கிப் பார்த்தான். ‘நளர ஃபீ’ என்றால் ஒன்றை ஆராய்ந்தான். ஆங்கிலத்தின் ‘லுக் அட்’, ‘லுக் இன்டு’ ஆகியவற்றை இவை அச்சொட்டாக ஒத்திருப்பதைக் காணுங்கள். மதரஸாவில் மூன்றாண்டு ஓதிய பிள்ளைக்கு இது புதுப்பாடமே அன்று. பழைய பாடம் புதிய உடையில் வந்திருக்கிறது.

ஒட்டுச்சொல்லின் குணம்

ஒட்டுச்சொற்கள் யாவும் மனம்போன போக்கில் பொருள் தருவன அல்ல. சிலவற்றிற்கு ஒரு குணம் உண்டு. அதை அறிந்துகொண்டால் பாதிச் சுமை குறையும்.

‘அப்’ என்பது பல இடங்களில் முழுமையைக் காட்டும். ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால் மிச்சமின்றிச் சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் முழுவதையும் பயன்படுத்தித் தீர்த்துவிடு. தமிழில் ‘விடு’ என்னும் துணைவினை செய்யும் வேலையை இங்கே ‘அப்’ செய்கிறது. ‘ஆன்’ என்பது சில இடங்களில் தொடர்ச்சியைக் காட்டும். ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’ ஆகியவற்றில் அது நம் ‘கொண்டிரு’ போன்றது. ‘பேக்’ என்பது திரும்புதலைக் காட்டும். ‘கிவ் பேக்’ என்றால் திருப்பிக் கொடு. ‘கால் பேக்’ என்றால் திரும்ப அழை. ‘அவே’ என்பது அகலுதலைக் காட்டும். ‘த்ரோ அவே’ என்றால் தூக்கி எறிந்துவிடு.

இக்குணத்திற்கு அடங்காதவையும் உண்டு. ‘த்ரோ அப்’ என்பதில் முழுமையும் இல்லை, மேலும் இல்லை. அவற்றை அப்படியே மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, சொற்களை அமைக்கும் முறையில் தவறாமல் கற்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’ என்றும் சொல்லலாம். ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘ஃபேன்’ என்னும் பெயருக்குப் பதிலாக ‘இட்’ என்னும் சுட்டுப்பெயர் வந்தால், அது நடுவில்தான் நிற்க வேண்டும். ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்பதே சரி. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்பது பிழை. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ பிரியாதவை. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றே கூற வேண்டும். ஒரு கூட்டுவினையைக் கற்கும்போதே அது பிரியுமா, பிரியாதா என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நலம்.

ஒட்டுச்சொல் வேண்டாத இடத்தில் அதை ஒட்டுவதும் நம்மிடையே பரவலான பிழை. ஒன்றைப் பற்றி விவாதித்தலை ‘டிஸ்கஸ் அபௌட்’ என்கிறோம். ‘டிஸ்கஸ்’ என்பதற்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதும் அத்தகையதே. ‘ரிட்டர்ன்’ ஒன்றே போதும்.

அடுக்களையிலிருந்து தொடங்குவோம்

எங்கிருந்து தொடங்குவது? நூலிலிருந்து அன்று, நம் வீட்டிலிருந்தே! சுபுஹு முதல் இஷா வரை நாம் செய்யும் செயல்களுக்குரிய கூட்டுவினைகள் இதோ:

வேக் அப் – விழித்துக்கொள்
கெட் அப் – படுக்கையை விட்டு எழு
புட் ஆன் – உடை அணிந்துகொள்
டேக் ஆஃப் – உடை, காலணி கழற்று
டர்ன் ஆன் – விளக்கு, குழாய், அடுப்பு ஆகியவற்றைத் திற அல்லது போடு
டர்ன் டவுன் – அடுப்பின் சுடரைத் தணி, ஒலியைக் குறை
வாஷ் அப் – சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவு
புட் அவே – எடுத்த பொருளை உரிய இடத்தில் வை
பிக் அப் – கீழே கிடப்பதை எடு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வா
ரன் அவுட் ஆஃப் – பொருள் தீர்ந்துபோதல்
டேக் ஆஃப்டர் – பெற்றோரை ஒத்திருத்தல்
பிரிங் அப் – பிள்ளையை வளர்த்து ஆளாக்குதல்

‘குழாயைத் திற’ என்பதை நம் பிள்ளைகள் ‘ஓப்பன் தி டாப்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். ‘டர்ன் ஆன் தி டாப்’ என்பதே ஆங்கில வழக்கு. பேத்தியைப் பார்த்து, ‘உம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்’ என்று மூதாட்டியர் மகிழ்வார்களே, அதற்கு ‘ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்’ என்று சொன்னால் போதும். மேலே கண்ட ‘டர்ன் டவுன்’ என்பதற்கு மறுத்தல் என்னும் பொருளும் உண்டு. அடுப்பைத் தணிப்பதும், வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்வதும் அங்கே ஒரே சொல்தான்! இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

மருத்துவமனையிலும் வேலைக்களத்திலும்

வீட்டில் பிழை நேர்ந்தால் நகைப்போடு போய்விடும். மருத்துவரின் முன்னால் அப்படியன்று. ‘கட் டவுன் ஆன் சால்ட்’ என்று மருத்துவர் சொன்னால், உப்பைக் குறையுங்கள் என்று பொருள். ‘கட் அவுட் சால்ட்’ என்றால், உப்பை அறவே நிறுத்துங்கள் என்று பொருள். நம் ஊரிலோ ‘கட் அவுட்’ என்றால் தெருமுனையில் தலைவர்களுக்கு நிறுத்தும் பெரும்படம்தான் நினைவிற்கு வருகிறது! இரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு இந்த வேறுபாடு அன்றாட உணவையே தீர்மானிப்பது. ‘கம் டவுன் வித் ஃபீவர்’ என்றால் காய்ச்சலில் விழுதல். ‘கெட் ஓவர்’ என்றால் நோயிலிருந்து மீளுதல். ‘கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிதல். இவற்றோடு முன்னர்க் கண்ட ‘த்ரோ அப்’, ‘பாஸ் அவுட்’ ஆகியவற்றையும் சேர்த்து, நோயாளி உள்ள வீட்டார் முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

பொருளீட்ட அயல்நாடு செல்லும் நம் சகோதரர்களுக்கு வேறு சில இன்றியமையாதவை. ‘ஃபில் இன்’ என்றால் படிவத்தை நிரப்பு. ‘ஹேண்ட் ஓவர்’ என்றால் ஒப்படை. ‘டேக் ஆன்’ என்றால் வேலைக்கு எடுத்துக்கொள். ‘லே ஆஃப்’ என்றால் ஆட்குறைப்புச் செய். ‘கால் ஆஃப்’ என்றால் நடக்கவிருந்ததை ரத்துச் செய். ‘புட் ஆஃப்’ என்றால் வேறு நாளுக்குத் தள்ளிவை. வேலை நேர்காணல் ‘கால்டு ஆஃப்’ என்றால் அது இனி இல்லை. ‘புட் ஆஃப்’ என்றால் காத்திருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதினால், வராத அழைப்பிற்காக ஒரு மாதம் காத்திருக்க நேரும்; அல்லது வரவிருந்த வாய்ப்பை இழக்க நேரும்.

ஹாஃபிள் பிள்ளைகளின் வழி

கற்றதை மறவாதிருக்க என்ன வழி? விலை கொடுத்து வாங்க வேண்டிய முறை எதுவும் தேவையில்லை. குர்ஆனை மனனம் செய்யும் நம் பிள்ளைகளின் முறையே போதும். அவர்கள் அன்றன்று புதுப்பாடமாகிய ஸபக்கை ஒப்பிக்கிறார்கள். அண்மையில் முடித்த பகுதியை அன்றாடம் திருப்பி ஓதுகிறார்கள். பழைய ஜுஸ்உகளை முறைவைத்துத் தவ்ராக ஓதுகிறார்கள். புதிதை மட்டும் ஓதிப் பழையதை விட்ட பிள்ளை ஹாஃபிள் ஆனதில்லை.

இம்முறையையே மொழிக்கும் கையாளுங்கள். நாளொன்றுக்கு மூன்றே கூட்டுவினைகள். ஒவ்வொன்றையும் தம் வீட்டைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டும். கடந்த ஏழு நாள்களின் சொற்களை அன்றாடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளியன்று புதுப்பாடம் இல்லை. தொடக்கம் முதல் அனைத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். வாரத்திற்குப் பதினெட்டு வீதம், பத்து வாரத்தில் 180 கூட்டுவினைகள் கைவசமாகும்.

இவ்வளவு குறைந்த சொற்களால் என்ன பயன் என்று எண்ண வேண்டா. 1930-இல் சி.கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களைக் கொண்டே எளிய ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். அதில் வினைகளாக அவர் வைத்தவை பதினெட்டே. கம், கோ, கெட், கிவ், புட், டேக் போன்ற எளிய வினைகளோடு ஒட்டுச்சொற்களைச் சேர்த்தே ஏனைய வினைகளின் வேலையையும் வாங்கிவிடலாம் என்பது அவர் கண்ட வழி.

கைப்பேசியில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறதே என்று இளையோர் கூறலாம். எழுத்தில் உள்ளதற்கு அது உதவும், உதவட்டும். ஆனால் மருத்துவர் நேர்முகமாகக் கேட்கும்போது, கேள்வி காதில் சரியாக விழுந்தாலன்றிக் கைப்பேசியில் எதைத் தேடுவது?

எதற்காக இந்த உழைப்பு?

ஆங்கிலம் பேசுவது ஒரு பெருமை என்று கருதி இதை எழுதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்திற்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். தம் கடித விஷயத்தில் பிறரை நம்பியிருக்க அண்ணலார் விரும்பவில்லை. ஸைத் (ரலி) அவர்கள் அரை மாதத்திற்குள் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்று திர்மிதியில் பதிவாகியுள்ளது. அதன்பின் வந்த கடிதங்களை அவர்களே படித்துக் காட்டினார்கள். போக வேண்டிய கடிதங்களை அவர்களே எழுதினார்கள்.

இதில் நமக்குள்ள படிப்பினை தெளிவானது. கடிதம் என்பது அமானிதம். இன்று நம் இல்லங்களில் மருத்துவரின் குறிப்பையும், வங்கியிலிருந்து வந்த கடிதத்தையும், கணவரின் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆளைத் தேடி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் சகோதரிகள் இருக்கிறார்கள். குடும்பத்தின் நோயும், கடனும், வருவாயும் அப்போது தெருவறிந்த செய்தியாகிவிடுகின்றன. உதவுபவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், தன் உடலின் நோயைத் தானே மருத்துவரிடம் சொல்லி, அவர் கூறியதைத் தானே விளங்கிக்கொள்ளும் பெண்ணின் கண்ணியம் வேறு.

இலங்கையில் எம்.சி. சித்தி லெப்பை அவர்கள் 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, சமுதாயம் ஆங்கிலக் கல்வியைப் புறக்கணிக்கலாகாது என்று வாதாடினார்கள். அவர்களே அரபும் தமிழும் நன்கறிந்தவர்கள், பெண்கல்விக்கும் பாடுபட்டவர்கள். ஒரு மொழியைக் கற்பது மற்றொன்றைத் துறப்பதாகாது என்பதற்கு அவர்களின் வாழ்வே சான்று. நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி, அரபுத் தமிழ் என்னும் ஒரு மரபையே உருவாக்கியவர்கள். மொழிகளுக்கு இடையே பாலம் கட்டுவது நமக்குப் புதிதன்று.

ஆகவே, பெற்றோர்களே! இன்றிரவு பிள்ளைகள் பாடம் படிக்க அமரும்போது நீங்களும் ஓர் ஏட்டுடன் அருகில் அமருங்கள். அவர்களுடைய பாடநூலில் உள்ள ஏட்டுச்சொல் ஒவ்வொன்றிற்கும் வீட்டுச்சொல் என்னவென்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். பிள்ளை உம்மாவுக்குக் கற்றுத்தரட்டும். உம்மா பிள்ளையிடம் ஒப்பிக்கட்டும். அதில் வெட்கம் ஏதும் இல்லை. முதல் மூன்று சொற்களையும் நானே தந்துவிடுகிறேன்: ‘லுக் ஆஃப்டர்’, ‘பிரிங் அப்’, ‘கிவ் அப்’. பெற்றோரைப் பராமரிப்பதும், பிள்ளைகளை நன்முறையில் வளர்ப்பதும், தீய பழக்கங்களைக் கைவிடுவதும் இம்மூன்றில் அடங்கும்.

பயன் தரும் கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல ரஹ்மான் வழங்கியருள்வானாக! ஆமீன்.